மைனஸ் 40 போதும் என்றால் தேர்வு எதற்கு?

முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் கட்-ஆஃபைப் பூஜ்ஜியம் பர்சன்டைலுக்கு இறக்கி 2023 செப்டம்பர் 20 அன்று வெளியான அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டிருக்க வேண்டும். காலியிடங்கள் வீணாகக் கூடாது என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். கவலை நியாயமானதுதான். ஆனால், டெல்லியில் இதைத் தீர்மானிக்கிறவர்கள் தேர்ந்தெடுத்த வழி, தகுதியைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக அவர்கள் சொல்லிவந்த அத்தனையையும் பொய்யாக்கிவிட்டது.

கணக்கைப் பார்த்தாலே அநியாயம் புரியும். மார்ச் 5 அன்று நடந்த இந்தத் தேர்வுக்கு மொத்தம் 800 மதிப்பெண். பொதுப் பிரிவுக்கு 291, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 257 என்று அப்போது கட்-ஆஃப் அறிவித்தார்கள். செப்டம்பர் அறிவிப்பின் பூஜ்ஜியம் பர்சன்டைல் கணக்குப்படி எல்லோருக்கும் அது மைனஸ் 40 ஆனது. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 கழியும். 200 கேள்விகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவருக்குப் பூஜ்ஜியம் கிடைக்கும். அவரே அந்தக் கட்-ஆஃபுக்கு 40 மதிப்பெண் மேலே இருந்தார். தேர்வறைக்குள் நுழைந்த எல்லோரும் தகுதி பெற்றவர்கள் என்றால், அந்தத் தேர்வு யாரை வடிகட்டுகிறது?

இவர்கள் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர்கள், தேர்வு இவர்களை வரிசைப்படுத்த மட்டுமே என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அப்படியானால் 50 பர்சன்டைல் என்ற தடையை இத்தனை காலம் எதற்காக வைத்திருந்தார்கள்? பொதுப் பிரிவில் 290 எடுத்தவரை மார்ச் மாதம் தகுதியற்றவர் என்று சொன்னது யார்? ஆறே மாதத்தில் அந்த இளம் மருத்துவரிடம் என்ன மாறிவிட்டது? அவரிடம் எதுவும் மாறவில்லை. மாறியது கல்லூரிகளின் காலியிடக் கணக்கு.

அந்தக் காலியிடங்கள் எவை என்பதும் ஊரறிந்த விஷயம். உடற்கூறியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற, மருத்துவர்கள் விரும்பி எடுக்காத பாடங்கள் ஒரு பங்கு. கட்டணத்தைக் கேட்டதுமே நல்ல ரேங்க் எடுத்தவர்களும் ஒதுங்கிப்போகும் தனியார், நிகர்நிலைக் கல்லூரி இடங்கள் இன்னொரு பங்கு. கலந்தாய்வு தரவரிசைப்படிதான் நடக்கிறது. ஆனால், முன்னால் நிற்பவரால் பணம் கட்ட முடியாவிட்டால், பின்னால் நிற்பவர்களில் கட்ட முடிந்தவருக்கு அந்த சீட் போய்ச் சேரும். அந்த வரிசையின் கடைசி ஆள்வரை தேடிப்போக அந்த அறிவிப்பால் கதவு திறக்கப்பட்டது. கட்டணத்தைக் குறைக்கலாம், அடிப்படைப் பாடங்களைப் படிப்பவர்களுக்கு நல்ல சம்பளமும் பதவி உயர்வும் உறுதிசெய்யலாம். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கட்-ஆஃபில் கைவைத்திருக்கிறார்கள்.

காலியிடங்களை நிரப்பும் இதே கோரிக்கையோடு மருத்துவர்கள் போனபோது என்ன பதில் கிடைத்தது? 2021 முதுநிலைச் சேர்க்கையில் 1,456 இடங்கள் காலியாகக் கிடந்தன. இன்னொரு சுற்றுக் கலந்தாய்வு நடத்துங்கள் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். டெல்லி அசையவில்லை. கல்வித் தரத்தில் சமரசம் கூடாது என்று சொல்லி நீதிமன்றமும் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஒரு கூடுதல் சுற்றுக்கே கெட்டுவிடும் என்ற தரம், கட்-ஆஃபே இல்லாமல் போகும்போது கெடாதா?

2018-ஐத் தமிழ்நாடு மறக்கவில்லை. இளநிலை நீட் வினாத்தாளில் 49 கேள்விகளின் தமிழாக்கம் பிழையாக இருந்தது. பிழை தேர்வை நடத்தியவர்களுடையது. தண்டனை தமிழில் எழுதிய பிள்ளைகளுக்கு. 196 மதிப்பெண் வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய், அந்த உத்தரவை ரத்துசெய்ய வைத்தார்கள். தங்கள் தவறுக்கு ஈடாக 196 மதிப்பெண் தர மறுத்தவர்கள், 2023-இல் கல்லூரிகளின் காலியிடத்துக்காகப் பொதுப் பிரிவின் கட்-ஆஃபில் 331 மதிப்பெண்ணை ஒரே அறிவிப்பில் இறக்கிவிட்டார்கள். இரண்டு தேர்வுகளையும் நடத்திய வாரியங்களின் பெயர் வேறாக இருக்கலாம். மனப்பான்மை ஒன்றுதான்.

மருத்துவராக வருகிறவரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்வியை இவர்கள் ஒருநாளும் எழுப்பியதில்லை, எழுப்பியவர்களையும் விடவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி விண்ணப்பதாரர்களை நேரில் வரவழைத்தது. சில நாட்கள் தங்கவைத்து, குழுவாகச் செய்யும் பணிகளைக் கொடுத்து, நேர்காணல் நடத்தி, ஏழை நோயாளியிடம் பரிவோடு நடப்பாரா, சிற்றூர் மிஷன் மருத்துவமனையில் தங்கி வேலை செய்வாரா என்று பார்த்துச் சேர்த்தது. நீட் கட்டாயமானபோது அந்த முறையைக் கைவிட மனமின்றி, 2017-இல் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்கள் அந்த ஆண்டு காலியாகவே கிடந்தன. அந்தக் காலியிடம் இவர்களை உறுத்தவில்லை. 2020 ஏப்ரல் 29 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று, நீட்டை எதிர்த்து அந்தக் கல்லூரி நடத்திய வழக்கை முடித்துவைத்தது.

நேர்காணலில் சிபாரிசும் பணமும் புகுந்துவிடும் என்ற அச்சம் வெறும் கற்பனை இல்லை. தமிழக மருத்துவக் கல்லூரி நேர்காணலில் 75 மதிப்பெண் வழங்கப்பட்ட விதத்தை 1970-இலேயே உச்ச நீதிமன்றம் தவறென்று தீர்ப்பளித்தது. குறையிருந்தால் திருத்த வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், ஒரே குழுவின் விருப்புவெறுப்பு முடிவைத் தீர்மானிக்காதபடி பல சிறு நேர்காணல்களாகப் பிரித்து நடத்தும் முறையை உருவாக்கியது. பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன. இங்கே ஆளைப் பார்ப்பதையே நிறுத்தினார்கள், மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். 2023-இல் அந்த மதிப்பெண்ணும் வேண்டாம் என்றார்கள். அதன் பிறகு எஞ்சியது கட்டணம் கட்டும் சக்தி ஒன்றுதான்.

இத்தகைய அறிவிப்புகளை நிறுத்துவது முதல் வேலை. அதற்குப் பிறகு, படிப்பையும் பண்பையும் சேவை மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் நேர்மையான சேர்க்கை முறையை மாநிலங்களோடும் மருத்துவக் கல்லூரிகளோடும் கலந்து உருவாக்க வேண்டும். தமிழ்நாடு சட்டப்பேரவை இரண்டு முறை நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதா அந்த அறிவிப்பு வந்தபோது ஒப்புதலுக்குக் காத்திருந்தது. மைனஸ் 40-ஐ ஏற்றுக்கொண்டவர்களுக்கு, தகுதியைக் காரணம் காட்டி அந்த மசோதாவை மறுக்க எந்த உரிமையும் இருக்கவில்லை.