ஆசிரியர்களின் கல்விக்கடன்: தள்ளுபடி யாருக்கு, எப்போது?

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தான் முன்பு வழங்கிய கல்விக்கடனில் நிலுவையாக நின்ற 48.95 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டின் இறுதியில் தள்ளுபடி செய்தது. வரவேற்கத்தக்க முடிவுதான். ஆயினும், அது அரசே நேரடியாக அளித்த பழைய கடன். இன்று பட்டியல் சாதிப் பட்டதாரிகளின் கழுத்தை இறுக்குவது வங்கிக் கடன். 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக அளித்த வாக்குறுதிகளில் கல்விக்கடன் தள்ளுபடியும் ஒன்று. வங்கிக் கடனைப் பொறுத்தவரை அது செயல்வடிவம் பெறவில்லை. அக்கடனாளிகளுள் ஆசிரியப் பணிக்குப் படித்தவர்களின் நிலையை இங்கே ஆராய்கிறோம்.

காலக்கெடு ஓராண்டு, காத்திருப்பு பல்லாண்டு

தமிழ்நாட்டில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் ஏழு மட்டுமே. சென்னையில் சைதாப்பேட்டையிலும் காமராசர் சாலையிலும் இரண்டு உள்ளன. அங்கு இடம் கிடைக்காதோர் தனியார் கல்லூரிகளையே நாட வேண்டும். 2015 முதல் பி.எட். படிப்பு ஈராண்டாக நீண்டதால் செலவும் பெருகியது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். அதைச் சற்றே தாண்டிய குடும்பத்திற்கு வங்கியை விட்டால் வேறு வழியில்லை.

படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் கழிந்தால் தவணை தொடங்கிவிடும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும் ஒன்றிய அரசின் வட்டி மானியமும் அத்துடன் முடிந்துவிடும். அரசுப் பள்ளி வேலையோ ஓராண்டில் கிடைப்பதில்லை. தகுதித் தேர்வில் தேறியவர்களும் மற்றொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018இல் அரசாணை 149 விதித்தது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள கல்வித்துறை வளாகத்தின் முன் ஆண்டுதோறும் நாம் காணும் போராட்டங்களின் பின்னணியில் இந்தக் காத்திருப்பும் உள்ளது.

கிடைக்கும் வேலையும் பெரும்பாலும் தற்காலிகமே. 2022இல் 13,331 தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க முடிவெடுத்த அரசு, பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் 10,000 ரூபாயும் எதிர்ப்புக்குப் பின் 15,000 ரூபாயும் நிர்ணயித்தது. 3 லட்சம் ரூபாய்க் கடனைப் பத்து விழுக்காடு வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 3,965 ரூபாய். ஊதியத்தில் கால் பங்குக்கும் மேல் அதற்கே போய்விடும்.

மயிலாப்பூரில் சொந்த வீடும் தியாகராய நகரில் கடை வாடகையும் உள்ள குடும்பத்துப் பிள்ளை இந்தக் காத்திருப்பைத் தாங்கிக்கொள்ளும். அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அகற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளையால் அது இயலாது. உடன் கையெழுத்திட்ட தாயோ தந்தையோதான் வங்கியின் அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நிலமற்றோரின் மூலதனம்

தள்ளுபடி அரசுக்குச் சுமை என்று சொல்வோர் ஒன்றை நினைவுகூர வேண்டும். 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயை இதே மாநிலம் தள்ளுபடி செய்தது. உழவர்களுக்கான அந்த நிவாரணத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பயிர்க்கடன் பெறச் சாகுபடி நிலம் வேண்டும். பெரும்பாலும் நிலமற்ற கூலிகளாக வைக்கப்பட்டுள்ள தலித் மக்களில் பலரை அத்தகைய தள்ளுபடி எட்டுவதே இல்லை. அவர்கள் கடன் வாங்கிச் சேர்த்த ஒரே மூலதனம் பட்டம்தான்.

பணிக்கு ஈடாகக் கடன் நீக்கம் என்பது உலகில் புதிதன்று. அமெரிக்காவில் வறிய பகுதிப் பள்ளியில் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பணியாற்றும் ஆசிரியருக்கு 5,000 டாலர் வரையும், கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு 17,500 டாலர் வரையும் கூட்டாட்சி அரசுக் கடன் நீக்கப்படுகிறது. 2007இல் அங்கு வந்த பொதுப்பணிக் கடன் நீக்கத் திட்டமோ, விதிகளின் சிக்கலால் தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு விண்ணப்பங்களை நிராகரித்தது. திட்டம் எளிமையாக இல்லையெனில் ஏட்டோடு நின்றுவிடும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

நம் கோரிக்கைகள்

வங்கிக் கடனை மாநில அரசு ரத்து செய்ய இயலாது; ஆனால் கடனாளிக்குப் பதிலாகத் தானே செலுத்த இயலும். எனவே நாம் கோருவன:

1. அரசு, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் பணியாற்றும் காலத்திற்குரிய தவணையை அரசே ஏற்க வேண்டும். தற்காலிகப் பணியும் இதில் கணக்கிடப்பட வேண்டும்.

2. தகுதித் தேர்வில் தேறி நியமனத்துக்குக் காத்திருப்போருக்கு, அந்த நியமனம் வரை வட்டியை அரசு ஏற்க வேண்டும்.

3. தேனாம்பேட்டை செனடாப் சாலையில் தலைமையகம் கொண்ட தாட்கோ வழியே, ஒரே விண்ணப்பத்தில் இது நடைபெற வேண்டும்.

முதற்கட்டமாக, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கல்விக்கடன் நிலுவை எவ்வளவு, அவர்களில் பி.எட். படித்தோர் எத்தனை பேர் என்பதை மாநில அளவிலான வங்கியாளர் குழுவும் அரசும் வெளியிட வேண்டும். மாணவர் அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இக்கேள்வியை இப்போதே எழுப்பலாம். அந்த எண்ணிக்கை இல்லாமல் நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கீடு கேட்பது கடினம்.