சக்கரங்களின் மேல் ஓர் இல்லம்



வீடு என்றால் அஸ்திவாரமும் சுவரும் கூரையும் உடையது என்பது நம் எண்ணம். அமெரிக்காவிலோ, அஸ்திவாரமே இல்லாத வீட்டில் ஆண்டு முழுவதும் வாழ்வோர் பலர் உள்ளனர். காரின் பின்னாலோ பிக்-அப் வண்டியின் பின்னாலோ பூட்டி இழுத்துச் செல்லப்படும் 'டிராவல் டிரெய்லர்'தான் அவர்களது இல்லம். அதற்கென்று எஞ்சின் கிடையாது. ஆனால் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை யாவும் உண்டு. ஓய்வுபெற்ற தம்பதியர், வேலையைத் தேடி ஊர் ஊராகச் செல்வோர், வீட்டு வாடகை கொடுத்து மாளாதோர் எனப் பலதரப்பட்டவரும் இவ்வாழ்வை மேற்கொள்கின்றனர். 2008ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்குப் பின் இவ்வாறு சாலைக்கு வந்த முதியவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் எழுதிய 'நோமட்லேண்ட்' என்னும் நூல் 2017இல் வெளியாயிற்று.

இத்தகைய இல்லத்திற்கு இன்சூரன்ஸ் செய்யும்போது பலர் ஒரு பெரும் தவற்றைச் செய்துவிடுகின்றனர். அதனை விளக்குவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்பு அவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது. விடுமுறைக்கு மட்டும் டிரெய்லரில் சென்றனர். பிறகு வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரிலேயே குடியேறினர். பழைய பாலிசியோ அப்படியே தொடர்ந்தது. ஓரிரவு தீப்பற்றி யாவும் சாம்பலாயின. நிறுவனத்தார் வந்து விசாரித்தனர். "இது விடுமுறைப் பயணத்திற்கான பாலிசி; நீங்களோ இதில் நிரந்தரமாகக் குடியிருந்துள்ளீர்கள்" என்று கூறி, இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி பிறந்துவிடுகிறது. வீடும் உடைமையும் ஒரே இரவில் பறிபோன குடும்பத்திற்கு அதைவிடப் பெரிய இடி வேறென்ன?

இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். சொந்த வீடு உள்ளவருக்கு அந்நாட்டில் பொதுவாக வீட்டுப் பாலிசி ஒன்று இருக்கும். அது சுவரை மட்டும் காப்பதில்லை. அவர் வெளியூர் செல்லும்போது உடன் கொண்டு செல்லும் பொருள்களையும், பிறருக்கு நேரும் காயத்தால் அவர்மீது விழும் பொறுப்பையும் ஓரளவு சேர்த்தே காக்கிறது. வீட்டை விற்றவுடன் அந்தக் குடையும் போய்விடுகிறது. பலர் இதனை உணர்வதேயில்லை.

இழுக்கும் வண்டியின் பாலிசி போதாதா என்று கேட்கலாம். சாலையில் இழுத்துச் செல்லும்போது டிரெய்லரால் பிறருக்கு நேரும் சேதத்தை அது பெரும்பாலும் ஏற்கும். ஆனால் டிரெய்லருக்கே நேரும் சேதத்தை ஏற்பதில்லை. டிரெய்லரைக் கழற்றி நிறுத்திய பின், விருந்தினர் ஒருவர் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் அதற்கும் அது உதவாது.

இதற்காகவே 'முழுநேரக் குடியிருப்போர் பாலிசி' என்ற தனி வகை உண்டு. ஆண்டில் ஆறு மாதங்களுக்கு மேல் டிரெய்லரில் வசிப்பவரைப் பல நிறுவனங்கள் இவ்வகையில் சேர்க்கின்றன. பிரீமியம் சற்றுக் கூடும். ஆனால் பிறர் காயத்திற்கான பொறுப்பு, உடைமைகள், விபத்துக்குப் பின் தங்குமிடச் செலவு ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு.

வாங்குமுன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை:

1. முற்றிலும் அழிந்தால் தேய்மானம் கழித்த மதிப்பு கிடைக்குமா, முன்பே ஒப்புக்கொண்ட தொகை கிடைக்குமா? சில ஆண்டுகள் ஓடிய டிரெய்லருக்கு இவ்விரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

2. துணிமணி, கணினி, தொழிற்கருவிகள் ஆகியவற்றுக்கு எவ்வளவு தொகை வரை ஈடு கிடைக்கும்?

3. எவை விலக்கப்பட்டுள்ளன? கூரை வழியே நாள்பட்டுக் கசிந்த நீர், பூஞ்சை, துரு, எலிக்கடி போன்றவற்றைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. கூரை இணைப்புகளை அவ்வப்போது சோதித்துப் பூசி வைப்பதே இவற்றுக்குப் பாதுகாப்பு.

4. முகவரி எது? பிரீமியம் மாநிலத்திற்கு மாநிலம் மாறும். முழுநேரப் பயணிகளுள் பலர் மாநில வருமான வரி இல்லாத தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா ஆகியவற்றைத் தம் நிரந்தர முகவரியாகக் கொள்கின்றனர். லைசென்சு, வண்டிப் பதிவு, பாலிசி மூன்றும் ஒத்திருப்பது நலம்.

பொருள்களைப் படமெடுத்து, ரசீதுகளோடு அதன் நகலை வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும். டிரெய்லரோடு ஆதாரமும் எரிந்துபோனால் பயனில்லை.

வணிகக் காப்பீட்டைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை வாசகர்கள் அறிவீர்கள். ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1985இல், நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டைக் கூடாதென்று கூறி, கூட்டுறவுக் காப்பீட்டைப் பரிந்துரைத்தது. அதனை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஆனால் எந்த ஒப்பந்தமாயினும் உண்மையை மறைக்கலாகாது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. "எப்போதாவதுதான் தங்குகிறோம்" என்று எழுதிக் கொடுத்துச் சிறு தொகையை மிச்சப்படுத்துபவர், தம் குடும்பத்தின் ஒரே கூரையைப் பணயம் வைக்கிறார்.

அமெரிக்காவிலுள்ள உறவினர் எவரேனும் இவ்வாழ்வை நாடினால், அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே: எப்படி வாழ்கிறீர்களோ அப்படியே எழுதிக் கொடுங்கள், நிறுவனம் ஏற்றுக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.