கரையில் நிற்கும்போதே சொல்லுங்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் என் உறவினருக்கும் அயலவருக்கும் எழுதுவது.

“தாய் தகப்பனைத் தொடர்மாடியில அடைச்சுப்போட்டு, பெடியன் மனுசியோட பாய்க்கப்பலில ஊர் சுத்துறானாம்.” காலி வீதிக் கல்யாண மண்டபங்களில் இப்படிப் பேச்சு அடிபடுவது எனக்குத் தெரியும். பேசுபவர்களில் பாதிப்பேர் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், கோபம் இல்லை. பதில் மட்டும் இருக்கிறது.

ரொறன்ரோவில் வீட்டுக்கடன் கட்டும் பிள்ளைக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று கிழமை விடுமுறை கிடைக்கும். அதிலும் பாதி கல்யாண வீடுகளிலும் நல்லூரிலும் கரைந்துவிடும். அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் விடுமுறையைத் தீர்மானிப்பது காற்று. தென் பசிபிக்கில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். அப்போது பாய்ப்படகுகள் பலவும் தெற்கே நியூசிலாந்துக்கு இறங்கிவிடும். எங்களுடையதும் இப்போது அங்கே ஒபுவாவில் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிற்கிறது. அந்த மாதங்களில் நாங்கள் வெள்ளவத்தையில் இருப்போம். அப்பாவோடு கிளினிக் வரிசையில் குந்தியிருக்கவும், அம்மாவை மயூரபதி அம்மனிடம் கூட்டிப்போகவும் வீட்டில் ஆள் உண்டு. சோளகம் முடிந்து வாடை தொடங்கினால் பிள்ளை வருவான் என்று அப்பா கணக்கு வைத்திருக்கிறார்.

மற்ற மாதங்கள்தான் சிக்கல். அதைப் பூசி மெழுகப் போவதில்லை.

ஈக்குவடோரின் கலாபகஸ் தீவுகளிலிருந்து மார்க்கெசாஸ் தீவுகளுக்கு ஏறத்தாழ 3,000 கடல் மைல். எங்கள் படகு மணிக்கு ஐந்தாறு மைல் போகும். போய்ச்சேர மூன்று நான்கு கிழமை ஆகும். தென்கீழ் வியாபாரக் காற்று முதுகில் நின்று தள்ளும். நடுவழியில் வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால், அந்தக் காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துக் கிழக்கே ஏறுவதைவிட முன்னே போய்க் கரை பிடிப்பதே விரைவு. கரை பிடித்தாலும், சிறு விமானத்தில் தாகித்தி போய், அங்கிருந்து பல விமானம் மாறித்தான் கட்டுநாயக்காவில் இறங்கலாம். போவதா நிற்பதா என்ற முடிவு நங்கூரம் தூக்கும்வரைதான் எங்கள் கையில்.

நாங்கள் கலாபகஸில் தண்ணீரும் டீசலும் நிரப்பிக்கொண்டிருந்த கிழமையில்தான் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். 1990க்கு அடித்து, சுவசெரிய அம்புலன்ஸ் வந்து, ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையாமல் படிவழியே இறக்கியதை அந்த மாடி முழுவதும் நின்று பார்த்தது. பார்த்தவர்களில் ஒருவர்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. “ஒண்டுமில்லைத் தம்பி, அப்பாவுக்குக் காலில கொஞ்சம் நோ, படுத்திருக்கிறார்” என்றார் அம்மா. வீட்டில் நின்று பராமரிக்கும் ஹற்றன் பிள்ளையிடம் “தம்பி யோசிப்பான், வாயைத் திறந்திடாதே” என்று பெரியம்மா சொல்லிவைத்தாராம். நாங்கள் பாய் விரித்தோம். செய்மதி இணைப்பு இருந்தது. நடுக்கடலிலிருந்து ஒவ்வொரு நாளும் பேசினோம். மார்க்கெசாஸின் நூகு ஹிவாவில் நங்கூரம் போட்ட பிறகுதான் உண்மை வந்தது. அதற்குள் சத்திரசிகிச்சை முடிந்து அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார்.

வெளியில் இருக்கும் பிள்ளையிடம் மறைப்பது நமக்கு எப்படிப் பழக்கமானது என்று எனக்கு விளங்காமல் இல்லை. போர்க்காலத்தில் அகதி வழக்கு முடியாமல் கிடந்த பிள்ளையிடம் தகப்பன் படுக்கையில் என்று சொல்லி என்ன பயன்? அவனால் வர முடியாது. மறைத்தது கருணை. இன்று கடவுச்சீட்டும் காசும் உள்ள பிள்ளையிடமும் அதே பழக்கம் தொடர்கிறது. அது இப்போது கருணை இல்லை. முடிவெடுக்கும் உரிமையை அவனிடமிருந்து பறிப்பது.

“எங்கட ஆக்களுக்குப் படகு என்னத்துக்கு?” என்றும் கேட்கிறீர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, அவ்வூர் மாலுமிகள் அதை அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை ஓட்டிச்சென்றார்கள். அது 1938. அவர்களின் வயதான பெற்றோரைப் பார்க்க வளவு நிறைய ஆள் இருந்திருக்கும். வெள்ளவத்தையில் இன்று மூன்று அறைத் தொடர்மாடிக்குள் இரண்டு வயோதிபரும் ஒரு தொலைக்காட்சியும். பிள்ளை இருப்பது கடலிலா கனடாவிலா என்பதால் அந்த வீட்டின் வெறுமை கூடுவதோ குறைவதோ இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின்படி பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரலாம். ஆனால் எங்கள் வீட்டில் பணம் ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை.

செய்ய வேண்டிய ஏற்பாடுகளைச் செய்திருக்கிறோம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சானுக்கு அற்றோணித் தத்துவம் எழுதியாயிற்று. விமானச் சீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேறாகக் காசு ஒதுக்கியிருக்கிறோம். கடினமான பேச்சையும் பேசி முடித்தோம். பிள்ளைகள் வரும்வரை மலர்ச்சாலையில் நாட்கணக்கில் உடலை வைத்திருப்பது நம் வழக்கமாகிவிட்டதல்லவா? அப்பாவே சொன்னார்: “நீ நடுக்கடலில நிண்டா எனக்குக் காவல் வேண்டாம். மச்சான் கொள்ளி வைக்கட்டும். கனத்தை மயானம் கிட்டத்தானே.” அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். இதைக் கேட்டு நாளை யாரும் மச்சானைக் குறைசொல்ல வேண்டாம். இது அப்பாவின் விருப்பம்.

ஹற்றன் பிள்ளைக்கு இப்போது எங்கள் இலக்கமும், எப்போதும் எடுக்கலாம் என்ற சொல்லும் கொடுத்திருக்கிறோம். சம்பளத்தையும் கூட்டியிருக்கிறோம். அவளை மிரட்டாதீர்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நாங்கள் ஏப்ரலில் திரும்பிப் போவோம், மே மாதம் ஃபிஜி நோக்கிப் புறப்படுவோம். புறப்படும் தேதி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். அதற்கு முந்திய கிழமை யாராவது படியேறிப் போய் அப்பாவையும் அம்மாவையும் பாருங்கள். பார்த்ததை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், வொட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பயணத்தை நிறுத்துவதா இல்லையா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.