பத்திரனவைச் சென்னை திரும்பக் கேட்டிருக்க வேண்டுமா?

2025 நவம்பர் 15ஆம் திகதி சென்னை சுப்பர் கிங்ஸ் மதீஷ பத்திரனவை விடுவித்தபோது நம்ம ஊரில் இரண்டு கட்சி. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தாலும் அதே பேச்சு, ஸ்டாஃப் ரூமிலும் அதே பேச்சு. கண்டிப் பிள்ளைக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்கிறார்கள் தம்பிமார். 13 கோடி வாங்கிக்கொண்டு அவன் என்ன செய்தான் என்கிறார்கள் நானாமார். (இந்தியக் காசுதான். நம்ம காசில் 40 கோடிக்கும் மேல்.)

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2022இல் அடம் மில்னுக்குப் பதிலாக வெறும் 20 இலட்சத்துக்குப் போன பிள்ளை, தன் முதல் பந்திலேயே சுப்மன் கில்லை ஆட்டமிழக்கச் செய்தார். 2023இல் 19 விக்கெட், சென்னைக்குக் கிண்ணம். 2024இல் 6 போட்டிகளில் 13 விக்கெட், பிறகு காயத்தோடு ஊர் திரும்பினார். 2025இல் அதே 13 விக்கெட்டுக்கு 12 போட்டிகள், ஓவருக்கு 10 ஓட்டத்துக்கு மேல். அணியும் கடைசி இடம்.

அதனால் விடுவித்தது சரி என்பதே என் கருத்து. கோபிக்க வேண்டாம். 2026 பருவத்துக்கு ஒரு அணிக்கு மொத்தமாகவே 125 கோடிதான். அதில் பத்தில் ஒரு பங்கை ஒரே ஆளுக்குக் கொடுத்தால், கடைசி ஓவர்களில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியவராக இருக்க வேண்டும். 2025இல் பார்த்தோமே, வைட் மேல் வைட். ஒவ்வொரு வைட்டுக்கும் ஒரு ஓட்டமும் போய், இன்னொரு பந்தும் போட வேண்டும். பதினெட்டாவது ஓவரில் அது எவ்வளவு பெரிய செலவு!

ஆனால் 2025 டிசம்பர் 16இல் அபுதாபி ஏலத்தில் சென்னை கை உயர்த்தாமல் இருப்பதும் தப்பு என்பதே என் கருத்தாக இருந்தது. கையில் அப்போது 43 கோடிக்கு மேல் இருந்தது. நேதன் எல்லிஸ் இருந்தார்தான், ஆனால் யோர்க்கரை இந்தக் கோணத்தில் போட இன்னொருவர் இருக்கவில்லை. வயதும் அப்போது 23 ஆகியிருக்கவில்லை. 8, 9 கோடி வரை தாராளமாகக் கேட்டிருக்கலாம். 10ஐத் தாண்டினால் கையை இறக்கியிருக்க வேண்டும். வேறு அணிகள் ஏற்றிக்கொண்டு போனாலும், பத்திரனவுக்கு அது நல்லதுதானே.

நான் இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஏலத்துக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். மூன்று மாதமாக அதே மாதிரிக் கையைத் தாழ்த்தி டெனிஸ் போலில் போட்டிருக்கிறான். "சேர், 13 கோடி" என்றான். அந்த 13 கோடிக்காரரே காயத்தால் பாதியில் திரும்பி வந்த கதையைச் சொன்னேன். நம்பவில்லை. ஏலத்தில் பத்திரனவுக்கு எவ்வளவு போகும் என்று என்னிடமே பந்தயம் கேட்டான்.

அவனுடைய உம்மா இந்தப் பதிவைப் பார்த்தால், தோளை முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.