மெஷினோடு கொலட்டையும் கொடுங்கள்

பேசாலையில் ரோலர் படகு வைத்திருப்பவர்கள் என் பட்டறைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே வேலைதான். தேய்ந்த புறொப்பெல்லர் சாப்ட்டுக்குப் பதில் புதிது கடைய வேண்டும். அதில் சாவி உட்காரக் காடி வெட்ட வேண்டும். கடைவதற்கு லேத், காடிக்கு மில்லிங் மெஷின்.

மெஷின் வாங்கிய புதிதில் என்னிடம் ட்றில் சக் மட்டுமே இருந்தது. 8 மி.மீ. எண்ட் மில் கட்டரை அதில் இறுக்கி, 28 மி.மீ. தண்டில் காடி போட்டேன். பாதி வழியில் கட்டர் மெல்ல மெல்லக் கீழே இறங்கி ஆழமாகத் தோண்டிவிட்டது. தண்டு வீண். கடலுக்குப் போக வேண்டியவர் மூன்று நாள் கரையில் இருந்தார்.

ட்றில் சக் மேலிருந்து கீழே அழுத்தும் வேலைக்குச் செய்தது. எண்ட் மில்லோ பக்கவாட்டில் தள்ளும். அதன் முறுக்குப் பற்கள் கட்டரையே பிடியிலிருந்து வெளியே இழுக்கும். சக்கின் மூன்று தாடைகள் மூன்று கோடுகளில்தான் பிடிக்கின்றன. கொலட் என்ற பிளவு வளையமோ கட்டரைச் சுற்றிவர அணைத்துப் பிடிக்கும். ஈஆர்32 ஹோல்டர் ஒன்றும் கொலட் செட்டும் இருந்தால் 20 மி.மீ. வரையான கட்டர்கள் அடங்கும். இதைவிடப் பெரிய செலவு எங்கள் மாதிரிப் பட்டறைக்குத் தேவையில்லை என்பதே என் முடிவு. ஹோல்டர் வாங்குமுன் ஸ்பிண்டில் ஆர்8 ஆ, ஐஎஸ்ஓ40 ஆ, மோர்ஸா என்று பாருங்கள். ஒன்று மற்றதில் ஏறாது.

கொலட்டை முதலில் ஹோல்டரின் நட்டுக்குள் 'டக்' என்று மாட்டி, பிறகே ஹோல்டரில் திருக வேண்டும். பொடியன்கள் மாறிச் செய்து கொலட்டைக் கெடுப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

மன்னார்த் தீவில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. இரவு ஹோல்டரை ஸ்பிண்டிலிலேயே விட்டுவிட்டால் அதன் கூம்பான டேப்பரில் துரு பூத்துவிடும். ஒரு துருப்பொட்டு போதும், கட்டர் கோணலாகச் சுழலும். ஒரு பல்லே முழுப் பாரத்தையும் சுமந்து முறியும். மாலையில் கழற்றித் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி வைக்கிறேன்.

வாழ்வாதார உதவியாக மில்லிங் மெஷின் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தலைமன்னாருக்கோ முருங்கனுக்கோ அடுத்த மெஷினை அனுப்பும்போது, அதன் ஸ்பிண்டிலுக்குப் பொருந்தும் ஹோல்டர், கொலட் செட், நட்டு இறுக்கும் சாவி, கோணலைப் பார்க்க ஒரு டயல் கேஜ் ஆகிய நான்கையும் அதே பட்டியலில் எழுதி அனுப்புங்கள்.