சக்கரம் பெருத்தால் சேமிப்பு சிறுக்கும்

ஹைப்ரிட் கார் வாங்குவோர் பெரும்பாலும் ஒரு கணக்குப் போட்ட பிறகே வாங்குகின்றனர். அதே அளவுள்ள சாதாரண பெட்ரோல் காரைவிட அதன் விலை கூடுதல்; எனவே வாகனக் கடனும் மாதத் தவணையும் கூடுதல். அந்தக் கூடுதலைப் பெட்ரோல் செலவில் மிச்சம் பிடித்துவிடலாம் என்பதே கணக்கு. ஆனால் கார் வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே, பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று தொழிற்சாலை பொருத்திய டயர்களைக் கழற்றிவிட்டு, அகலமான டயர்களையும் பெரிய அலாய் வீல்களையும் மாட்டிக்கொள்வோர் நம்மிடையே பலர். விலை கொடுத்து வாங்கிய சிக்கனத்தை, மேலும் விலை கொடுத்துத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பான செயல் இது என்பது நமது கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2022-இல் அறிமுகமான மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடர் ஆகிய கார்களின் ஹைப்ரிட் வகைகளுக்குச் சோதனைக்கூட அளவீட்டில் கிடைத்த மைலேஜ், லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். இவற்றின் டயர் அளவு 215/60 ஆர்17. டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். அதன் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம். உள்ளே பொருந்தும் ரிம்மின் விட்டம் 17 அங்குலம் என்பது இதன் பொருள். கூட்டிப் பார்த்தால் சக்கரத்தின் முழு விட்டம் ஏறத்தாழ 690 மில்லிமீட்டர். அதே ரிம்மில் 225/60 டயரை மாட்டினால் விட்டம் 702 ஆகிறது. வேறுபாடு 12 மில்லிமீட்டர்தான். சதவீதத்தில் சுமார் 1.7.

இந்தச் சிறு வேறுபாடு முதலில் கணக்கைக் குழப்புகிறது. கார் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் சுழலும் எண்ணிக்கையைக் கொண்டே கணிக்கிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். அதனால் ஓடோமீட்டர் 1,000 கிலோமீட்டர் என்று காட்டும்போது கார் உண்மையில் 1,017 கிலோமீட்டர் ஓடியிருக்கும். முன்பு 23 கிலோமீட்டர் கொடுத்த கார் இப்போது 21.5 காட்டுகிறது என்றால், உண்மையான மைலேஜ் 21.9 அளவில் இருக்கும். ஆக, குறைந்துவிட்டதாகத் தோன்றுவதில் நான்கில் ஒரு பங்கு அளவீட்டுப் பிழை. எஞ்சிய மூன்று பங்கு மெய்யான இழப்பு. வேகம் காட்டும் முள்ளும் இதே பிழைக்கு உட்பட்டது. முன்பு 100 என்று காட்டிய வேகத்தில் இப்போது 98 என்றே காட்டும்.

மெய்யான இழப்புக்குக் காரணங்கள் பல. டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி விரிகிறது; அதில் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. இதனை உருளல் தடை என்பர். தொழிற்சாலையில் பொருத்தப்படும் டயர், பெரும்பாலும் இத்தடை குறைவாக இருக்குமாறு தேர்ந்தெடுக்கப்பட்டது. அகலமான டயர் காற்றையும் கூடுதலாகக் கிழித்துச் செல்ல வேண்டும். பெரிய ரிம்மின் எடையைச் சுழற்றவும் ஆற்றல் வேண்டும்.

இவை எல்லாக் கார்களுக்கும் பொருந்துபவையே. எனினும் ஹைப்ரிட் காரில் இதன் தாக்கம் விகித அளவில் பெரிது. நகர நெரிசலில் நிற்கும்போது அதன் என்ஜின் அணைந்துவிடுகிறது. பிரேக் பிடிக்கும்போது வேகத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டார் மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆனால் டயரில் வெப்பமாய்ப் போன ஆற்றலை எந்த மோட்டாரும் மீட்டுத் தராது. மற்ற இழப்புகள் குறைந்துவிட்ட காரில், குறைக்க முடியாத இந்த இழப்பின் பங்கு உயர்ந்து நிற்கிறது. மேலும், சக்கரம் பெரிதானால் புறப்பாட்டுக்குக் கூடுதல் முறுக்குவிசை தேவைப்படும். மின்சாரத்தில் மட்டுமே நகர்ந்திருக்க வேண்டிய இடத்தில் என்ஜின் சற்று முன்னதாகவே விழித்துக்கொள்ளக்கூடும்.

பணக்கணக்காகப் பார்ப்போம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தால் 750 லிட்டர் போதும். மைலேஜ் 4 சதவீதம் குறைவதாகக் கொண்டால் 781 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 3,100 ரூபாய். ஐந்தாண்டுக் கடன் முடிவதற்குள் 15,000 ரூபாய்க்கும் மேல். புதிய ரிம், டயர்களின் விலை இதில் சேரவில்லை.

அகலமான டயர் சாலையை நன்றாகப் பிடிக்குமே என்று சிலர் கேட்கலாம். உலர்ந்த சாலையில் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தேங்கிய மழைநீரில் அகலமான டயர் எளிதில் மிதக்கும். பக்கச்சுவர் குட்டையான டயரும் பெரிய ரிம்மும் நம் சாலைக் குழிகளில் அடிபடுவதும் அதிகம். சட்டப் பக்கமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதிக்கப்பட்ட அளவை மீறிய டயருடன் விபத்து நேர்ந்தால், காப்பீட்டுக் கோரிக்கையில் கேள்வி எழ இடமுண்டு. கடனில் உள்ள காருக்கு இது சிறு இடர் அன்று.

அழகுணர்ச்சியை நாம் குறை கூறவில்லை. மாற்றத்தான் வேண்டும் என்றால், ஓட்டுநர் கதவருகே ஒட்டிய சீட்டிலும் கையேட்டிலும் தயாரிப்பாளர் ஏற்ற அளவுகளுக்குள் மாற்றலாம். டயர் தேய்ந்து புதிது வாங்கும்போது, அதே அளவில் உருளல் தடை குறைந்ததைத் தேடலாம். குளிர்பதனப் பெட்டியில் நாம் பார்த்துப் பழகிய நட்சத்திரக் குறியீடு, இப்போது சில கார் டயர்களுக்கும் உண்டு. ஆனால் ஈரச் சாலையில் பிடிப்பு எப்படி என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

செலவில்லாத வழி ஒன்றும் உள்ளது. நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பு. ஐந்து பிஎஸ்ஐ குறைந்தால் ஒரு சதவீதம் போயிற்று. மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் காற்றைச் சரிபார்ப்பது போதும்.

கார் வாங்கிய நாளில் நாம் போட்ட கணக்கு, கடைசித் தவணை கட்டும் நாளிலும் சரியாக இருக்க வேண்டும். அதற்கு அந்த நான்கு டயர்களையும் அவற்றின் அளவிலேயே விட்டுவைப்பது நல்லது.