வெளிச்சத்தின் வேகமா காரணம்?

ஆயிரக்கணக்கான பிராசஸர்களை ஒன்றுகூட்டி ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்விக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில், செப்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழையில் ஒளியைச் செலுத்தி அவைகளை இணைப்பது பெருகி வருகின்றது. காரணம் என்னவென்று கேட்டால், படித்தவர்கள் என்பவர்களிலும் அநேகர் "வெளிச்சம் மின்சாரத்தைவிட வேகமாய் ஓடும்" என்று சொல்லி விடுகிறார்கள். சொல்லுகிறவர் யாராயிருந்தாலும் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதே நமது வழக்கமாதலால், இதையும் பார்ப்போம்.

வெட்டவெளியில் ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். கண்ணாடிக்குள் புகுந்ததும் அது சுமார் 2 லட்சமாகக் குறைந்து விடுகிறது. நல்ல செப்புக் கேபிளிலும் மின்செய்தி ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகின்றது. அப்படியானால் வேகம் என்ற பேச்சு எங்கே நிற்கும்?

உண்மைக் காரணம் வேறு. விநாடிக்கு அனுப்பும் துடிப்புகள் பெருகப் பெருக, மின்சாரம் கம்பியின் மேற்புறத்தில் மட்டுமே ஓடுகிறது, தடை ஏறுகிறது, செய்தி உஷ்ணமாய் வீணாகிறது. ஒரு ஜோடிக் கம்பியில் விநாடிக்கு 20,000 கோடி பிட்டுகள் அனுப்பும் இன்றைய நிலையில், சாதாரணச் செப்புக் கேபிள் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் உதவாது. கண்ணாடி இழையிலோ அதே செய்தி நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். பல அலைநீள ஒளிகள் ஒரே இழையில் கலவாமலும் போகும்.

இதனால் என்ன லாபமென்றால், வயலில் பத்துப் பேர் நின்றாலும் நாற்றுக்கட்டு வந்து சேராவிட்டால் நடவு நடக்காது. கூலி மட்டும் நடக்கும். பிராசஸர்கள் கதையும் அதுவேயாகும். ஒன்றின் விடை வந்து சேரும்வரை மற்றவை மின்சாரத்தைத் தின்றுகொண்டு சும்மா இருக்கும்.

கூகுள் கம்பெனி 2023-ல் வெளியிட்ட விவரப்படி, அதன் ஒரு யந்திரத்தில் 4096 சிப்புகள் இருக்கின்றன. 64 சிப்புகள் கொண்ட ஒவ்வொரு அலமாரிக்குள்ளும் மின்சார இணைப்பு. அலமாரிக்கு அலமாரி ஒளி இணைப்பு. நடுவிலுள்ள சிறு கண்ணாடிகள் திரும்பி ஒளியின் பாதையை மாற்றுவதால், ஓர் அலமாரி பழுதானால் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றைச் சேர்த்து வேலையைத் தொடரலாம். இந்த ஒளி ஏற்பாட்டுக்கு ஆன செலவு மொத்தத்தில் 5 சதவீதத்திற்கும் குறைவு. மின்சாரம் 3 சதவீதத்திற்கும் குறைவு.

ஆனால் ஒளியே எங்கும் சிறந்தது என்பதும் மற்றொரு குருட்டு நம்பிக்கையேயாகும். மின்சாரத்தை ஒளியாக்கி, மறுபடி மின்சாரமாக்குவதற்கும் மின்சாரம் வேண்டும். என்விடியா கம்பெனி 2024-ல் ஓர் அலமாரியில் 72 சிப்புகளை 5,000-க்கு மேற்பட்ட செப்புக் கேபிள்களாலேயே இணைத்தது. ஒளியைக் கொண்டிருந்தால் மேலும் 20,000 வாட் செலவாகியிருக்கும் என்றார் அதன் தலைவர். அதே கம்பெனி 2025-ல், அலமாரிகளுக்கு இடையே செய்தியைப் பிரித்தனுப்பும் ஸ்விட்சுகளில் ஒளிமாற்றுக் கருவியைச் சிப்பின் பக்கத்திலேயே வைக்கும் முறையை அறிவித்தது. கிட்டத்தில் செம்பு, எட்டத்தில் ஒளி என்பது அளந்து கண்ட முடிவே தவிர, எவருடைய வாக்குமல்ல.

இந்திய சர்க்கார் 2024 மார்ச்சில் செயற்கை அறிவுத் திட்டத்திற்குச் சுமார் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கி, 10,000-க்கு மேற்பட்ட சிப்புகள் திரட்டுவதாகச் சொல்லியது. அது ஜனங்களின் வரிப்பணம். எத்தனை சிப்புகள் என்று கேட்டு மகிழ்ந்துவிட்டால் போதாது. அவை எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன, எவ்வளவு நேரம் வேலை செய்கின்றன, எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்ற கணக்கைப் பொது ஜனங்கள் கேட்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.